புலிநகம் விற்காத பழநகைக் கடை

பினாங்கில் பழைய நகை கேட்டால் சீன-மலாய்க் கலப்பு மரபுப் பெண்களான நோன்யாக்கள் சட்டையில் குத்தும் கெரொங்சாங் ஊசியைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். ஆர்மீனியன் ஸ்திரீட் பக்கம் மாடியில் இருக்கும் இந்தக் கடை வேறு மாதிரி. கண்ணாடிப் பெட்டி முழுக்க அதிர்ஷ்டத்துக்கும் கண்ணேறு கழியவும் போட்ட நகைகள்.

தவுக்கே, அதாவது கடை முதலாளி, சீனர். "தங்கச்சி, இது பாருங்க" என்று ஒரு வெள்ளிப் பூட்டை நீட்டினார். குழந்தையின் உயிரை உடம்போடு பூட்டி வைக்கும் என்று சீனர்கள் கழுத்தில் கட்டுவது. நீண்ட ஆயுள், செல்வம், சிறப்பு என்று வாழ்த்தும் நான்கு எழுத்துகள் அதன் மேல். பூட்டுதான், ஆனால் சாவி கிடையாது! விலை 180 ரிங்கிட். வேலைப்பாட்டுக்கு அந்த விலை தகும்.

குதிரைலாட புரூச் ஒன்றும் இருந்தது. டன்ஸ்டன் என்ற கொல்லர் சாத்தானின் குளம்பில் லாடம் அடித்து, லாடம் தொங்கும் வீட்டுக்குள் வரமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டாராம். இங்கிலாந்துக் கதை. பின்னால் சிங்கமும் நங்கூரமும் முத்திரையாக இருந்தன. சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்த வெள்ளி, நங்கூரம் என்றால் பர்மிங்ஹாமில் முத்திரையிட்டது. பக்கத்து எழுத்தை வைத்து ஆண்டையும் கண்டுபிடிக்கலாம்.

நம் ஐம்படைத் தாலிக்கு அப்படி முத்திரை ஏது? சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஐந்தும் கோத்துக் குழந்தைக்குக் காப்பாகப் போடுவது. தாலியைக்கூடக் கழற்றாத வயதில் பாண்டியன் நெடுஞ்செழியன் போருக்கு நின்றதைப் புறநானூற்றில் இடைக்குன்றூர் கிழார் பாடியிருக்கிறார். அவ்வளவு பழைய வழக்கம். ஆனால் இங்கே "நூறு வருஷம்" என்று சீட்டு ஒட்டியிருந்த தாலியில் வில்லின் முனை கூராக இருந்தது, வளையம் துளிகூடத் தேயவில்லை. அப்பாவின் பட்டறையில் வளர்ந்த கண்ணுக்கு அது புதுசு. சொன்னதும் தவுக்கே சிரித்தபடி சீட்டைக் கிழித்தார், விலையை மட்டும் குறைக்கவில்லை. அதை வாங்காதீர்கள்.

புலிநகம் கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களாம். மலேசியாவின் 2010 வனவிலங்குச் சட்டப்படி புலியின் எந்த உறுப்பையும் விற்பது குற்றம். இவர் தொடுவதே இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்குக் கடை பிடித்துப்போனது.

அட்டை வாங்குவதில்லை, ரொக்கம்தான். மாடிப்படி செங்குத்து. முட்டிவலிக்காரர்கள் கீழிருந்தே குரல் கொடுங்கள், தட்டோடு இறங்கி வருவார்.