கிணற்றுப் பாறைக்கு வெடியா, பிளக்கும் தூளா?

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வளவில் கிணறு வெட்டியபோது, 9 அடி மண் போனதும் அலவாங்கு பாறையில் முட்டியது. அதற்குக் கீழே இன்னும் 13 அடி இறங்க வேண்டும். வெடி வைப்பதா, கல் பிளக்கும் தூளை வாங்குவதா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுத் தூளையே தேர்ந்தேன். பக்கத்து வளவுக்காரர் அதே ஆண்டில் வெடி வைத்தார்.

வெடி மலிவு, விரைவு. அவருக்கு ஆறு நாளில் முடிந்த வேலை எனக்கு ஏறத்தாழ ஒரு மாதம் இழுத்தது. வெடிமருந்துக்கு அனுமதி வேண்டும், அயலவரை அப்புறப்படுத்த வேண்டும்; தூளுக்கு அந்த அலைச்சல் இல்லை. இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

வெளியே வருகிற கல்லுக்குத்தான் கூலி பேசுகிறோம். சுவராக நிற்கப்போகிற கல்லுக்கு என்ன ஆகிறது என்று கேட்பவர் குறைவு. இளமையில் மலையகத்தில் நீர்மின் சுரங்கமொன்றில் வேலை செய்தவன் என்பதால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அங்கே ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் நீண்ட இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டிக் காது கொடுப்போம். உறுதியான கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விண்டுபோன கல் பொத்தென்று கேட்கும்.

வெடியின் அதிர்ச்சி அலை துளையைச் சுற்றிய கல்லை நொறுக்கி, நாலாபுறமும் மயிரிழைக் கீறல்களை ஓட விடுகிறது. பின்னால் வரும் வாயு அந்தக் கீறல்களுக்குள் புகுந்து அவற்றை நீட்டிவிடுகிறது. சுவீடனின் எஸ்பொ ஆய்வுச் சுரங்கத்தில் 420 மீட்டர் ஆழத்தில், 1990களின் நடுப்பகுதியில், வெடி வைத்த சுரங்கத்தையும் இயந்திரத்தால் குடைந்த சுரங்கத்தையும் அருகருகே வைத்து அளந்தார்கள். வெடி வைத்த இடத்தில் சுவருக்குள் சுமார் 30 சென்ரிமீற்றர், தரையில் சுமார் 80 சென்ரிமீற்றர் வரை பாறை கெட்டிருந்தது. இயந்திரம் குடைந்த இடத்தில் அது சுமார் 3 சென்ரிமீற்றர்தான். கல்லைத் தூக்கி எறியத் தரையோரத் துளைகளில் மருந்தைக் கூட்டி இடுவதால்தான் தரைக்குச் சேதம் அதிகம்.

நீரில் கரைத்துத் துளைகளில் ஊற்றுகிற தூளின் உயிர் சுட்ட சுண்ணாம்பு. நீர் பட்டால் கொதித்துப் பூரிக்கும் அதே குணம், துளைக்குள் அடைபட்டு ஒரு நாள் முழுவதும் மெல்ல மெல்லக் கல்லைத் தள்ளுகிறது. கருங்கல் எவ்வளவு நெரித்தாலும் தாங்கும். இழுப்பைத் தாங்கும் வலு அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே துளைக்குத் துளை கோடு பிடித்துப் பிளக்கிறது. அதிர்ச்சியும் இல்லை, வாயுவும் இல்லை. என் கிணற்றுச் சுவரில் இன்றும் ஒவ்வொரு துளையின் பாதியும் செங்குத்தான வாய்க்கால்போல நிற்கிறது. பெருவிரலை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தால் வழுவழுவென்று போகும். பக்கத்துக் கிணற்றில் அப்படி ஒரு தடம்கூட இல்லை, சுவர் முழுவதும் பல்லும் சொண்டுமாக நீட்டிக்கொண்டிருக்கிறது.

பராமரிப்பு என்று வரும்போதுதான் இதன் விலை தெரிகிறது. அவர் ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் ஆளை இறக்கித் தளர்ந்த கல்லைத் தட்டி எடுக்கிறார். சென்ற மார்கழியில் இரண்டு வாளி அளவு வந்தது. மலசலகூடக் குழி இருக்கிற பக்கத்துச் சுவரில் 15 அடியில் ஓர் ஈரக்கோடு தெரிகிறது. வெடிக்கு முன்பே அங்கே இயற்கைப் பிளவு இருந்திருக்கலாம், எல்லாப் பழியையும் வெடிமேல் போட மாட்டேன். ஆனாலும் அவர் வீட்டில் நீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறார்கள். கொங்கிறீட் வளையம் இறக்கவும் கணக்குப் பார்க்கிறார்.

தூளுக்கும் குறை உண்டு. கிணற்றில் மேற்புறம் மட்டுமே திறந்திருப்பதால் பிளந்த கல் நகர இடமில்லை. முதலில் நடுவில் சாய்வுத் துளைகள் போட்டு ஒரு குழி பறிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊர் வெயிலில் தூள் சூடேறித் துளையிலிருந்து பீறிட்டு அடிக்கலாம்; கண்ணே போய்விடும். மாலையில் ஊற்றிச் சாக்கால் மூடிவிட்டு, துளையை எட்டிப் பார்க்க யாரையும் விடவில்லை.

வெடியைத் தவிர்த்தால் பாறைக்கு ஒன்றும் ஆகாது என்றும் எண்ண வேண்டாம். மலையகத்தில் உமா ஓயா நீர்மின் திட்டச் சுரங்கம் இயந்திரத்தால் குடையப்பட்டதுதான். ஏற்கனவே இருந்த பிளவுகள் வழியே நீர் இறங்கிப் பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின. கனடாவின் மனிட்டோபாவில் 420 மீட்டர் ஆழத்தில் வெடியே வைக்காமல் குடைந்த சுரங்கத்திலும், பாறையின் அழுத்தத்தாலேயே கூரையும் தரையும் ஆப்பு வடிவில் உதிர்ந்தன. 22 அடிக் கிணற்றில் அந்த அழுத்தம் இல்லை.

நீர் ஊறுவதில் வெடிக் கிணறு முந்தலாம். கீறல் கூடினால் ஊற்றுக்கு வழியும் கூடும். என் கிணறு கண்டது இரண்டு கோடைகள். இரண்டிலும் வற்றவில்லை, ஆனால் அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

பணம் இடம் கொடுக்காமல் வெடிதான் என்றால், வெடி வைப்பவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: சுவரோரத் துளைகளை நெருக்கமாகப் போட்டு, மருந்தைக் குறைத்து, அந்த வரிசையைக் கடைசியில் வெடிக்கச் சொல்லுங்கள். துளை போடும் கூலி கூடும். முடிந்ததும் கீழே இறங்கிப் பாதித் துளைகளின் தடம் சுவரில் நிற்கிறதா என்று பாருங்கள், சுத்தியலால் தட்டியும் கேளுங்கள்.