ரோலர் டோர் பூட்டப் போறவை காசு குடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

எங்கட பக்கம் இப்ப புதுசா வீடு கட்டுறவை எல்லாரும் வாகனம் விடுற இடத்துக்கு ரோலர் டோர் எண்டு மேல சுருளுற தகட்டுக் கதவு போடுகினம், கடைக்காரரும் பழைய பலகைக் கதவைக் கழட்டிப்போட்டு அதுதான் போடுகினம், இதைப் பாத்திட்டு ஒரு கூட்டம் கேட்டலொக் புத்தகமும் கையுமா ஏ9 றோட்டு நெடுகத் திரியுது. அதில ஒரு ஆள் எங்களைப் பேய்க்காட்டின கதைதான் இது. கொம்பனிப் பேர் எழுதேல்லை. எழுதுறதெண்டாலும் எதை எண்டு எழுதுறது, பில்லில ஒரு பேர், காசு போட்ட பாங்க் கணக்கில வேற ஒருத்தற்ற பேர், வாறண்டி காட்டில மூண்டாவதா ஒரு பேர்.

நாங்கள் விசுவமடுப் பக்கம். எங்கட கராஜ் வாசல் 12 அடி அகலம் 8 அடி உயரம், மேற்குப் பாத்தது, முன்னுக்கு மரம் ஒண்டும் இல்லை, பின்னேர வெயில் முழுக்க அதில தான் விழும். உள்ளுக்கு லான்ட்மாஸ்டர் உழவு மிசின், மோட்டச்சைக்கிள், தண்ணி மோட்டர், விதைநெல்லு மூட்டை எல்லாம் கிடக்கு. இவ்வளவு நாளும் படங்கு கட்டித்தான் மறைச்சு வச்சிருந்தது, குரங்கு வந்து மூட்டையைக் கிழிக்கிறது ஒரு பக்கம், ஊரில பற்றரி களவு போறது ஒரு பக்கம், அப்ப காலபோக நெல்லு வித்த காசு கையில நிண்ட நேரம் பாத்து இந்தாள் வந்தார்.

நல்ல கதை. கையில ஒரு துண்டுத் தகடு கொண்டு வந்தவர், வளைச்சுப் பாத்தாலும் வளையாது. சிங்க் அலும் தகடு, 0.47 மில்லிமீற்றர், கொழும்பில பெரிய வீடுகளுக்குப் போடுறது இதுதான் எண்டார். நான் வெள்ளை இல்லாட்டி கிறீம் கலரில தாங்கோ தம்பி எண்டு கேட்டன். "இல்லை அக்கா, உங்கட கிறவல் ரோட்டுப் புழுதிக்கு வெள்ளை ரெண்டு நாளில நாறிப்போம், சொக்லேட் கலர்தான் இங்க வடிவு, இது ஸ்பெஷல் பெயின்ற், சூடு உள்ளுக்கு வராது" எண்டு ஒரே பிடி. பிறகு பூட்ட வந்த பெடியன் தேத்தண்ணி குடிக்கேக்க வாய் தவறிச் சொல்லிப்போட்டான், ஸ்டோரில சொக்லேட் றோல் கனக்கத் தேங்கிக் கிடக்காம், அது முடியிறவரைக்கும் வேற கலர் சொல்ல வேண்டாம் எண்டு அவைக்குச் சொல்லித்தான் அனுப்பிறதாம்.

கலரில என்ன கிடக்கு எண்டு நினைக்காதேங்கோ. வெளியில 35 பாகை நிக்கிற நாளில நேர் வெயில் படுற கடும் கலர்த் தகடு 60, 70 பாகைக்குச் சும்மா போகும். வெள்ளைத் தகடு அந்தளவுக்கு ஏறாது. ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில எண்டு வருசா வருசம் றேடியோவில சொல்லுவினம், அது கூரைக்குத்தான் கூடாது, கதவைக் கொல்லுறது பின்னேரம் சரிஞ்சு அடிக்கிற வெயில். மேற்கு வாசல் வச்சவைக்கு இது விளங்கும். எங்கட கராஜுக்குள்ள மூண்டு மணிக்குப் போனால் போறணைக்குள்ள நிண்ட மாதிரித்தான், மோட்டச்சைக்கிள் சீற்றில கை வைக்கேலாது.

இனித்தான் முக்கியமான விசயம். உவை பூட்ட வந்தது விடிய வெள்ளண. பனி குளிரோட வந்து சுறுக்கா வேலையை முடிச்சு, பத்து மணிக்கு முதலே திறந்து பூட்டிக் காட்டி, றிமோட்டை மாமாட கையில குடுத்து அவரையும் அமத்த வச்சு, மனிசனுக்குச் சரியான சந்தோசம், மத்தியானம் இன்னொரு இடம் இருக்கெண்டு அவசரப்படுத்தி மிச்சக் காசையும் வாங்கிக்கொண்டு போயிட்டினம். அண்டைக்கே பின்னேரம் என்ர வீட்டுக்காரர் வயலால வந்து லான்ட்மாஸ்டரை விடுவம் எண்டு அமத்தினால் கதவு அரைவாசியில நிக்குது. மேலயும் போகாது கீழயும் வராது, மோட்டர் உறுமுது, நடுத் தகடு வயிறு தள்ளிக்கொண்டு நிக்குது. இரவானாப் பிறகு அமத்த ஒண்டும் நடக்காத மாதிரி வடிவா ஏறுது! போன் எடுத்தால், "புது மோட்டர் அக்கா, ஓடி ஓடித்தான் பழகும்" எண்டார். அடுத்த நாளும் அதே நேரம் அதே கதை.

காரணம் என்னெண்டால் இரும்பு சூட்டுக்கு நீளும். ஒரு மீற்றர் இரும்பு ஒவ்வொரு பாகைக்கும் 0.012 மில்லிமீற்றர் நீளும், 12 அடி எண்டால் 3.65 மீற்றர், விடிய 25 பாகையில இருந்த தகடு பின்னேரம் 65க்குப் போனால் கிட்டத்தட்ட ஒண்டே முக்கால் மில்லிமீற்றர் கூடும். அலுமினியக் கதவெண்டால் இதுக்கு இரட்டி. கேட்கச் சின்னக் கணக்கு, ஆனா ரெண்டு பக்கமும் கதவு ஓடுற கைட்டை இடைவெளி விடாமல் இறுக்கிப் பூட்டினால் அது நீள இடமில்லை, அப்ப நடுவில வளையும், வளைஞ்சால் கைட்டுக்குள்ள உரசும், உரசினால் இறுகும். குளிருக்க அளவெடுத்துக் குளிருக்க பூட்டிக் குளிருக்கயே காட்டிப்போட்டுப் போனால் இது ஒருத்தருக்கும் தெரியாது. ஆனபடியா ஆர் பூட்டினாலும் மத்தியானம் ரெண்டு மூண்டு மணிக்கு, வெயில் கதவில நல்லா ஏறின நேரம் நாலஞ்சு தரம் திறந்து பூட்டிப் பாத்துப்போட்டு மிச்சக் காசைக் குடுங்கோ. அவசரம் எண்டு நிண்டால் நாளைக்குப் பின்னேரம் வந்து வாங்கச் சொல்லுங்கோ.

மோட்டரும் இடைக்கிட அப்பிடியே செத்துப்போகும், கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப வரும். நாங்கள் மோட்டர் பழுதெண்டுதான் நினைச்சது. தருமபுரத்துப் பக்கம் வெல்டிங் வேலை செய்யிற பாஸ் ஒராள் வந்து பாத்துச் சொன்னார், உந்த மோட்டருகள் நெடுக ஓடச் செய்ததில்லை, கன மொடல் ஒரே மூச்சில நாலு அஞ்சு நிமிசம்தான் ஓடும், சூடு ஏறினால் உள்ளுக்கிருக்கிற சுவிச் தானா நிப்பாட்டிப்போடும், ஆறினாத்தான் திரும்ப ஓடும். கதவு இறுகினால் அது கெதியாச் சூடேறும், அதோட மோட்டர் இருக்கிறது தகரக் கூரைக்குக் கீழ. பிறகு அவர் மோட்டரைக் கழட்டி விட்டிட்டுக் கதவைக் கையால தூக்கச் சொன்னார், இவரும் நானும் சேந்து பிடிச்சும் கஷ்டப்பட்டுத்தான் ஏறிச்சு, விட்டால் பொத்தெண்டு விழுது. கதவின்ர பாரத்தைத் தாங்கிற ஸ்பிறிங்கைச் சரியா முறுக்கியிருந்தால் கதவை அரைவாசிக்குத் தூக்கி விட்டால் அப்பிடியே நிக்க வேணும். எங்கட கதவில ஸ்பிறிங் பேருக்குத்தான் கிடந்திருக்கு, முழுப் பாரத்தையும் மோட்டர் இழுத்திருக்கு. இந்தச் சோதினையை நீங்களும் பூட்ட வந்த ஆளை வச்சுக்கொண்டே செய்விச்சுப் பாருங்கோ, கறண்ட் போற நாளில கையால தூக்கவும் இதுதான் வேணும். ஆனா ஸ்பிறிங்கில மட்டும் நீங்களா கை வைக்காதேங்கோ, முறுக்கின ஸ்பிறிங் கழண்டு அடிச்சால் கை எலும்பு மிஞ்சாது.

கைட்டுக்குள்ள பெடியன் கறுத்த கிறீஸ் அள்ளிப் பூசியிருந்தவன். கிறவல் ரோட்டுப் புழுதி அதில ஒட்டி ஒரு களி மாதிரி இறுகி, பாஸ் மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டித்தான் எடுத்தவர். அதுக்குக் கிறீஸே போடக்கூடாதாம், காய்ஞ்சு நிக்கிற சிலிக்கன் ஸ்பிரே மட்டும்தானாம். கைட்டுக்குள்ள நைலோன் பட்டி எண்டு பில்லில கிடக்கு, போட்டிருந்தது மலிவான பிளாஸ்டிக், வெக்கைக்கு இளகிச் சுருண்டுபோய்க் கிடந்துது.

தகட்டுக் கதை இன்னும் மோசம். அவை வெட்டி எறிஞ்ச துண்டொண்டு வேலியோரம் கிடந்தது, பாஸ் மைக்குறோமீற்றர் வச்சுப் பாக்க பெயின்றோட சேத்து 0.35. காட்டின துண்டு ஒண்டு, பூட்டினது ஒண்டு. இதில ஒரு சுத்துமாத்தும் இருக்கு, 0.47 எண்டு சொல்லுறது பூச்சு எல்லாம் சேத்த தடிப்பு, உள்ளுக்கிருக்கிற வெறும் இரும்பு 0.42 தான், அதால ரெண்டையும் தனித்தனியாக் கேட்டு பில்லில எழுதுவிக்க வேணும். சிங்க் அலும் எண்டது அலுமினியக் கதவில்லை, இரும்புத் தகட்டில 55 வீதம் அலுமினியமும் 43 வீதம்போல சிங்க்கும் மிச்சம் சிலிக்கனும் கலந்து பூசினது. அந்தப் பூச்சு ஒரு சதுர மீற்றருக்கு எத்தினை கிராம் எண்டதையும் கேளுங்கோ, ஏஇசட் 150 எண்டால் ரெண்டு பக்கமும் சேத்து 150 கிராம். கேட்டால் ஆள் முழுசுவார், அதிலயே பாதி விளங்கிடும். மெல்லிய தகடு கச்சான் காத்துக்குப் படும் படும் எண்டு அடிக்கும், இரவில நித்திரை இல்லை.

அளவும் பாருங்கோ. 12க்கு 8 எண்டால் 96 சதுர அடி. பில்லில 13க்கு 10 எண்டு 130 போட்டிருக்கு. மேல சுருளுற துண்டுக்கும் பக்கத்துக்கும் கொஞ்சம் கூட வரும்தான், அது நியாயம், ஆனா எவ்வளவு கூட்டுறியள் எண்டு வேலைக்கு முதலே பேப்பரில எழுதுவியுங்கோ.

ஹீற் இன்சுலேஷன் எண்டு தனியா ஒரு தொகை. அது என்னெண்டு பாத்தால் தகட்டின்ர உள்பக்கத்தில ஒட்டின வெள்ளிக் கடதாசி. அந்தச் சாமான் வேலை செய்யிறதெண்டால் அதுக்குப் பக்கத்தில காத்து இடைவெளி வேணும், தகட்டில நேர ஒட்டினால் சூடு தகட்டால அப்பிடியே கடந்து வரும். உண்மையா ஃபோம் அடைச்ச கதவு இருக்குத்தான், அது பலகை பலகையா மடிஞ்சு கூரைக்குக் கீழ போறது, 40 மில்லிமீற்றர் தடிப்பில வரும், விலையும் அந்தமாதிரி. சுருளுற ஒற்றைத் தகட்டுக்குள்ள ஃபோம் வைக்கேலாது. என்ர எண்ணத்தில கராஜுக்குப் பக்கத்தில படுக்கிற அறை இருந்தால் ஒழிய அதுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை, வெள்ளைக் கலர் எடுத்து, கதவுக்கு மேல சுவரில காத்து போக ஓட்டை விட்டால் லான்ட்மாஸ்டருக்கும் நெல்லுக்கும் அது காணும்.

வாறண்டி காட் பின்பக்கம் பொடி எழுத்தில, தமிழில ஒரு சொல் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிச்சுச் சொன்னது: நேர் வெயில் படுற இடம், புழுதி, காத்து, கறண்ட் ஏற்ற இறக்கம் இதுகளால வாற பழுதுக்கு வாறண்டி இல்லை. வெயில் படாமல் கதவை எங்க பூட்டுறது, கிணத்துக்குள்ளயோ? மோட்டர் பழுதெண்டால் நாங்களே கழட்டிக் கொழும்புக்குக் கொண்டு போக வேணுமாம், அவை வாறதெண்டால் வவுனியாவுக்கு இங்கால டீசல் காசு தனி.

சித்திரை வருசம் முடியட்டும் வாறன் எண்டார், பிறகு வெசாக் முடியட்டும் எண்டார், இப்ப போனே எடுக்கிறேல்லை. இந்த இழுத்தடிப்பிலயும் ஒரு விசயம் கிடக்கு. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு குடுக்கிறதெண்டால் வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில குடுக்க வேணும். அதைக் கடத்தத்தான் உந்த நாளைக்கு நாளைக்கு. அவையின்ர 1977 எண்ட போன் நம்பருக்கு அடிச்சும் கேக்கலாம். நாங்கள் பில், வாறண்டி காட், பாங்க் சிட்டை, 0.35 தகட்டுத் துண்டு, மூண்டு மணிக்கு இறுகி நிக்கிற வீடியோ எல்லாம் வச்சு எழுதிக் குடுத்திருக்கிறம்.

கதவு இப்ப ஓடுது, அது பாஸின்ர புண்ணியம். ஒரு பக்கக் கைட்டைக் கழட்டி இடைவெளி விட்டு, நல்ல நைலோன் பட்டி போட்டு, ஸ்பிறிங்கை முறுக்கி, மேல ரெண்டு ஓட்டையும் விட்டுத் தந்தவர். வெளிப்பக்கம் இவர் தேச்சு வெள்ளை அடிச்சிட்டார், இப்ப பின்னேரத்திலயும் கை வைக்கலாம்.

அந்தாள் இப்ப மாங்குளம், முள்ளியவளைப் பக்கம் அதே கேட்டலொக்கோட திரியிறதாக் கேள்வி. உங்கட பில்லிலயும் வாறண்டியிலயும் பேர் மாறிக் கிடந்தால், பூட்டி மூண்டு மாசம் ஆக முதல் எங்களுக்கு ஒருக்கா அறிவியுங்கோ. கனபேர் சேந்து முறைப்பாடு குடுத்தால் அவை தட்டிக் கழிக்கேலாது. காசு போட்ட பாங்க் சிட்டையை மட்டும் எறிஞ்சு போடாதேங்கோ.