சேலத்தில் மௌனப்படக் காட்சி: பேபி பெக்கி தொகுப்பு கேட்டு வாங்கலாமா?

பள்ளி விழாவுக்கும் நூலகக் கூட்டத்துக்கும் திரை, புரொஜெக்டர் வாடகைக்கு விடும் சேலத்துக் கடை ஒன்று, இப்போது மௌனப்படமும் போட்டுக் காட்டுகிறது. ஏற்காட்டுக்கும் வருவார்கள், 20 கொண்டை ஊசி வளைவுக்கு வண்டிச் சத்தம் தனி. அவர்களிடம் உள்ளதில் கேட்டு வாங்க வேண்டியது, மௌனப்படக் காலத்துக் குழந்தை நட்சத்திரம் பேபி பெக்கியின் படத் தொகுப்பு.

1918-ல் பிறந்த பெக்கி, 19 மாதத்தில் ஹாலிவுட்டின் செஞ்சுரி ஸ்டுடியோவுக்கு அம்மாவோடு போனபோது இயக்குநர் ஃப்ரெட் ஃபிஷ்பாக் கண்ணில் பட்டாள். சொன்னபடி அசையாமல் உட்கார்ந்திருந்ததுதான் தகுதி. 1921-ல் பிரௌனி என்ற நாயோடு முதல் படம். அப்பா ஜாக் மாண்ட்கோமரி கௌபாய் படங்களில் டூப் போட்டவர். அவர் விரலைச் சொடுக்கி 'அழு' என்றால் பெக்கி அழுவாள், 'சிரி' என்றால் சிரிப்பாள்.

கடைக்காரர் 1924-ல் வந்த முழுநீளப் படமான 'கேப்டன் ஜனவரி'யை முதலில் போட்டுவிடுகிறார். தப்பு. செஞ்சுரி குறும்படங்கள்தான் முதலில் ஓட வேண்டும். அவற்றில் குழந்தை, பெரியவர்கள் வேஷம் கட்டிக் கிண்டல் செய்யும். ஐந்து வயதில் நடித்த 'ஜனவரி'யில்தான் குழந்தையாகவே நடிக்கிறாள். வரிசை மாறினால் இந்த வளர்ச்சி தெரியாது.

பெரிய குறை, படம் ஓடும் வேகம்தான். மௌனப்படக் கேமராவைக் கையால் சுற்றுவார்கள். ஒரே வேகம் கிடையாது. கடையில் எல்லாவற்றையும் பேசும்படக் கணக்கில் நொடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) ஓட்டுகிறார்கள். மெதுவாகச் சுற்றி எடுத்தது அதில் அவசரமாக ஓடிவிடும். பேசும்படம் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்த ஊர், அந்தப் பழக்கம் போகுமா! ஒரு குறும்படம் 2 ரீல் என்றால் 35 மி.மீ. பிலிமில் சுமார் 2,000 அடி, அடிக்கு 16 பிரேம். 24-ல் ஓட்டினால் 22 நிமிடம். 20-ல் ஓட்டினால் 26 நிமிடம் 40 நொடி. கூடுதலாகக் கிடைக்கும் அந்த நாலரை நிமிடத்தில்தான் பெக்கி ஒரு முகபாவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது கண்ணில் தங்கும். கணினியில் படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் வேகத்தை 0.83 என்று வைக்கச் சொல்லுங்கள். ஆனால் சில பிரதிகளை ஏற்கெனவே சரிசெய்திருப்பார்கள். அதையும் குறைத்தால் ஆட்கள் தண்ணீருக்குள் நடப்பது போலிருக்கும். நிமிடக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், பல பிரதிகளில் துண்டு விட்டுப்போயிருக்கிறது. படத்தில் வரும் வழிப்போக்கர் நடை இயல்பாக இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

படத்தின் அகலமும் உயரமும் 4:3 விகிதம்தானா என்று பாருங்கள். அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் குழந்தை உப்பித் தெரியும்.

ஏற்காட்டில் திறந்தவெளிக் காட்சி வேண்டாம். பனிமூட்டம் இறங்கினால் ஒளி வழியிலேயே சிதறிப் படம் வெளுத்துவிடும். கறுப்பு வெள்ளையில் அது இன்னும் மோசம். ஜன்னலுக்குத் திரை போட்ட கூடமே சரி. புரொஜெக்டர் நல்லதுதான், பையன்களும் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். படத்தின் நடுவே வசனம் காட்டும் ஆங்கில எழுத்து அட்டைகளைத் தமிழில் படித்துச் சொல்ல மட்டும் ஆள் தர மாட்டார்கள். மைக் கேட்டு வாங்கி, அட்டைகளை முன்கூட்டியே எழுதிவைத்து, உங்கள் ஆள் ஒருவரை உட்காரவையுங்கள்.