பயணம் தாங்கும் பீர், தாங்காத பீர்

வெளிநாடு போனால் அந்த ஊர்க்காரர்கள் மாலையில் என்ன பீர் குடிக்கிறார்கள் என்றுதான் முதலில் விசாரிப்பேன். பிடித்துப்போனால் சில பாட்டில்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, வீட்டில் நிதானமாகத் திறந்து அங்கே எழுதிவைத்த குறிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். வருஷக்கணக்கில் இப்படிச் செய்து பார்த்ததில், ஒரு பீர் நல்லதா சுமாரா என்று கேட்பதற்கு முன்னால் அது பயணம் தாங்குமா என்று கேட்பதே சரி என்று தோன்றிவிட்டது. தாங்காததை அது தயாராகும் இடத்திலேயே ஆசை தீரக் குடித்துவிட வேண்டும். பெட்டியில் இடம் கொடுக்க வேண்டியது தாங்குகிற பீருக்கு மட்டும்.

தாங்காதவற்றில் முதலில் நிற்பது, உலகம் முழுக்கக் கிடைக்கும் பில்ஸ்னர் உர்க்வெல். செக் நாட்டின் பில்சென் நகரத்தில் 1838இல், அப்போது தயாரான பீர் குடிக்க லாயக்கில்லை என்று சொல்லி, பீப்பாய் பீப்பாயாக நகர மன்றத்தின் எதிரே கொட்டினார்கள். அப்புறம் ஊர்க்காரர்கள் சேர்ந்து பீர் தயாரிக்கப் புது ப்ரூவரி கட்டி, பவேரியாவிலிருந்து யோசஃப் குரோல் என்பவரை வரவழைத்தார்கள். அவர் 1842இல் வெளிர் நிற மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), அந்த ஊரின் உப்பில்லாத மென்மையான தண்ணீர், கசப்பும் வாசனையும் தரும் ஸாட்ஸ் வகை ஹாப்ஸ் பூ, குளிரில் மெதுவாக நொதிக்கும் ஈஸ்ட் நான்கையும் சேர்த்துத் தயாரித்த பொன்னிற பீர்தான் இன்றைக்கு நாம் லாகர் என்று குடிக்கும் முக்கால்வாசிச் சரக்குக்கும் முன்னோடி.

அந்த ப்ரூவரியின் அடியில் மணற்பாறையைக் குடைந்த நீளமான சுரங்கங்கள் இருக்கின்றன. சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் ஓக் மரப் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்து ஒரு கிளாஸ் கொடுப்பார்கள். வடிகட்டாதது, சூடாக்கிப் பதப்படுத்தாதது. நிறம் லேசாகக் கலங்கியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனதும் புது ரொட்டியின் மேல்தோல் வாசனை, அதன் பின்னால் பச்சைப் புல்லும் பூவும் கலந்த ஹாப்ஸ். கசப்பு நல்ல கசப்பு. ஆனால் நாக்கைப் பிறாண்டாமல் ஒரு மெல்லிய இனிப்பின் மேல் வந்து உட்காரும். 4.4 சதவீத ஆல்கஹாலில் இவ்வளவு நிறைவு எப்படி வருகிறது என்று யோசித்துக்கொண்டே கிளாஸைக் காலி செய்தேன்.

நகரத்து பப்புகளில் அதை ஊற்றுவதையும் நின்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் திருப்பும் குழாயைக் கிளாஸுக்குள் விட்டு முதலில் ஈரமான, க்ரீம் போன்ற நுரையைப் பிடிக்கிறார்கள். அந்த நுரைக்கு அடியில்தான் பீர் ஏறுகிறது. காற்றோடு உரசாமல் மேலே ஒரு மூடி போட்டது மாதிரி ஆகிவிடுகிறது. கிட்டத்தட்ட முழுவதும் நுரையாகவே ஊற்றும் ஒரு வகையும் உண்டு. அதை வைத்துக்கொண்டு பேசக்கூடாது, அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டும். இனிப்பாக, கசப்பே இல்லாதது போல இறங்கும்.

அதே பெயர் போட்ட பாட்டிலை வீட்டில் திறந்தால் கசப்பு இருக்கிறது, நிறம் இருக்கிறது, ரொட்டி வாசனையில் பாதி காணோம். அது இருந்த இடத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை மெல்ல எட்டிப் பார்க்கிறது. ப்ரூவரியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பாட்டிலுக்குள் மிஞ்சும் துளி ஆக்ஸிஜன் போதும், மாதங்கள் போகப் போக டிரான்ஸ்-2-நோனெனல் என்கிற பொருள் தலைகாட்டி அந்த அட்டை வாசனையைத் தருகிறது. கப்பலிலோ கிடங்கிலோ சூடு பட்டால் இன்னும் வேகமாக. வீட்டில் குடிக்க மோசமில்லை, நன்றாகவே இருக்கும். ஆனால் பாட்டிலை மட்டும் குடித்துவிட்டு ‘பில்ஸ்னர் இவ்வளவுதானா’ என்று முடிவுகட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சூட்டைவிட வேகமான எதிரி வெளிச்சம். ஒருமுறை பளிச்சென்ற விளக்குக்குக் கீழே அலமாரியின் முன்வரிசையில் நின்ற பச்சை பாட்டில் ஒன்றை வாங்கிவந்து திறந்தேன். எரிந்த ரப்பர் நாற்றம். ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருளும் பீரில் இருக்கும் ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமினும் வெளிச்சம் பட்டால் கந்தகம் கலந்த ஒரு சேர்மத்தை உண்டாக்குகின்றன. அதை மிக மிகக் குறைந்த அளவிலேயே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்பு பாட்டில் இந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுக்கிறது, பச்சை கொஞ்சம்தான் தடுக்கும், நிறமில்லாத பாட்டில் ஏறக்குறைய தடுப்பதே இல்லை. கேன் என்றால் கவலையே வேண்டாம். ஆகவே கடையில் இரண்டும் இருந்தால் நான் கேனையே எடுப்பேன். கேன் மட்டம் என்கிற எண்ணம் பலரிடம் இன்னும் இருக்கிறது, அதில் நியாயம் இல்லை.

பயணமே தாங்காத பீருக்கு உச்சம் ஹனோயின் பியா ஹோய். அன்றன்றைக்குப் பீப்பாயில் வரும், அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது இதற்கு அப்படியே பொருந்தும். தெருமுனையில் முழங்கால் உயரப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, தடித்த கண்ணாடி கிளாஸில் குடிக்கிற பீர். ஆல்கஹால் குறைவு, வாயில் கனமும் குறைவு, தானிய வாசனை கொஞ்சம். ருசியை அலசி ஆராய அதில் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் அந்த வெக்கையில் அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் குடித்ததில்லை. பாட்டிலில் பிடித்துவரும் யோசனையே வேண்டாம்.

ஜெர்மனியில் கொலோன் நகரத்தின் கோல்ஷ் பீரும் இந்த ரகம். 200 மில்லி பிடிக்கும் ஒல்லியான கிளாஸில் தருகிறார்கள். காலியானால் பரிசாரகர் கேட்காமலேயே அடுத்ததை வைத்துவிட்டு, அடியிலிருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் அந்த அட்டையைக் கிளாஸின் மேல் மூடிவிட வேண்டும். சின்ன கிளாஸ் என்பதால் சூடேற நேரமே இல்லை, ஒவ்வொன்றும் முதல் கிளாஸ்தான். மிக மென்மையான பழ வாசனை அதன் உயிர். பாட்டிலில் முதலில் போவதும் அதுதான்.

இங்கிலாந்தின் காஸ்க் ஏல் பற்றியும் சொல்ல வேண்டும். பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருந்து நொதித்து முடிக்கும் பீர் இது. நிலவறையின் 11 முதல் 13 டிகிரிக் குளிரில் வைத்துக் கைப்பம்பால் இழுத்து ஊற்றுகிறார்கள். திறந்த பீப்பாய் சில நாள்தான் நன்றாக இருக்கும். இந்த வகை அழிந்துபோகாமல் இருக்க 1971இல் குடிப்பவர்களே சேர்ந்து காம்ரா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஜில்லென்று பொங்குவதை எதிர்பார்த்துப் போனால் முதல் வாயில் சப்பென்று தோன்றும். பாதி கிளாஸ் வரை பொறுத்தால் டீத்தூள், பிஸ்கட், ஆரஞ்சுத் தோல் என்று ஒவ்வொன்றாக மேலே வரும். அதிகக் குளிர் இதையெல்லாம் மறைத்துவிடும்.

சரி, பெட்டியில் எதை வைப்பது? என் முதல் இடம் ஓர்வாலுக்கு.

பெல்ஜியத்தின் தெற்கே, பிரான்ஸ் எல்லையை ஒட்டிய டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம் அது. மடத்தைத் திரும்பக் கட்டப் பணம் சேர்ப்பதற்காக 1931இல் ப்ரூவரி தொடங்கினார்கள். உருண்டு விழும் பௌலிங் கட்டை போன்ற வடிவத்தில் ஒரு பழுப்பு பாட்டில். பாட்டிலில் அடைக்கும்போது ப்ரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்டையும் சேர்க்கிறார்கள். மற்ற ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரையை அது மாதக்கணக்கில் மெதுவாகத் தின்றுகொண்டிருக்கும். அதனால் பாட்டிலுக்குள் பீர் மாறிக்கொண்டே போகிறது. லேபிளில் பாட்டிலில் அடைத்த தேதி இருக்கிறது, வாங்கும்போது அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே தேதியிட்ட பாட்டில்களை வாங்கி, இடைவெளி விட்டுத் திறப்பது என் வழக்கம். புதிதாக இருக்கும்போது ஹாப்ஸ்தான் பேசும். ஆரஞ்சுத் தோல், காட்டுப்பூ, கூர்மையான கசப்பு. ஆறு மாதம் தாண்டினால் ஹாப்ஸ் பின்னால் போய், பதப்படுத்திய தோலும் காய்ந்த வைக்கோலும் சேர்ந்த ஒரு வாசனை வருகிறது. இனிப்பு வற்றி, முடிவு கறாராக உலர்ந்துவிடும். ஒரு வருஷத்துக்கு மேல் போனால் கசப்பு இளகி, குமிழ் பெருகி, கிளாஸில் நுரை மலைபோல் நிற்கும். எனக்குப் பிடித்தது நடுவில் இருக்கும் பருவம், பழைய கசப்பும் புது வாசனையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும் காலம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, 12 டிகிரிக்கு மேல் ஏறியதும் அகன்ற வாய்க் கிளாஸில் சாய்த்து ஊற்றுங்கள். அடியில் படிந்த ஈஸ்டோடு கடைசி ஒரு விரல் அளவை பாட்டிலிலேயே விட்டுவிட்டு, அதைத் தனியாகக் குடித்துப் பாருங்கள்.

பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900 முதல் இயங்கும் கான்டியோன் ப்ரூவரியின் கூஸ் என்ற புளிப்பு பீரும் பயணத்துக்குப் பயப்படாதது. குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சி, கூரைக்கடியில் ஆழமில்லாத செப்புத் தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் ஈஸ்டே நொதிக்க வைக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று வருஷம் மரப்பீப்பாயில் கிடந்தவற்றைக் கலந்து, தக்கை அடைத்து மறுபடி நொதிக்க விடுகிறார்கள். புளிப்பு பற்களில் தெரியும். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், பழைய நிலவறை. வீட்டில் திறந்தது அங்கே குடித்ததற்குக் கொஞ்சமும் குறையவில்லை. புளிப்பு பிடிக்காதவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், பழகிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தவும் மாட்டேன்.

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து ஷ்லென்கெர்லா புகை பீர் மூன்றாவது. பீச் (beech, பழம் தரும் பீச் அல்ல) மரப் புகையில் மால்ட்டை உலர்த்துகிறார்கள். முதல் கிளாஸ் முழுக்கப் புகைதான். இரண்டாவதில் மூக்கு பழகிவிட, கரும்பழுப்பு மால்ட்டின் இனிப்பு வெளியே வரும். ஆகவே ஒரு பாட்டில் மட்டும் கொண்டுவந்து பிரயோஜனமில்லை. அந்தப் புகை சீக்கிரம் மங்குவதில்லை என்பதால் வீட்டிலும் நன்றாக நிற்கிறது. அயர்லாந்தின் கறுப்பு பீரான கின்னஸ் வேறு வழியில் பயணத்தை வென்றிருக்கிறது: கேனுக்குள் நைட்ரஜனைப் பீய்ச்சும் ஒரு சின்ன சாதனம். 1988இல் விற்பனைக்கு வந்தது. டப்ளினில் குடித்ததற்குப் பக்கத்தில் வருகிறது, நுரையில் மட்டும்.

எதைக் கொண்டுவந்தாலும் பாட்டிலை நிமிர்த்தி, இருட்டில், குளிரில் வையுங்கள். பயணம் முடிந்த உடனே திறக்காமல் சில நாள் அசையாமல் விடுங்கள், கலங்கிய ஈஸ்ட் அடங்கட்டும். கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் நுரை நிற்காது. கழுவிக் கவிழ்த்துத் தானாக உலரவிட்ட கிளாஸ் போதும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். ஐபிஏ போல ஹாப்ஸ் வாசனையையே நம்பியிருக்கும் பீருக்கு நான் வெளிநாட்டுப் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டேன். புகழ்பெற்ற ஒரு பாட்டில் கடல் தாண்டி வந்து சேர்வதற்குள் மாம்பழமும் எலுமிச்சையும் போய், கசப்பும் கேரமலும்தான் மிஞ்சுகின்றன. அதையும் பக்கத்து ப்ரூவரியில் அந்த வாரம் நிரப்பிய கேனையும் பெயர் தெரியாமல் நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் கேனைத்தான் எடுத்தார்கள். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் நடந்துபோகும் தூரத்தில் ஒரு ப்ரூவரி இருந்தால், முதலில் அங்கே போய் எந்தக் குழாயில் இருப்பது கடைசியாக நிரப்பியது என்று கேட்டு, அதையே ஒரு கிளாஸ் வாங்குங்கள்.