சீர்வரிசையா, படையெடுப்பா? சியோங்னுவிடம் ஹான் அரசு கையாண்ட இரண்டு வழிகள்

கி.மு. 200, குளிர்காலம். வட சீனாவில் இன்றைய தாதோங் நகருக்குப் பக்கத்தில் உள்ள பைதெங் குன்றில் ஹான் வம்சத்தின் முதல் பேரரசர் லியூ பாங் ஏழு நாள் சிக்கிக் கிடந்தார். சுற்றிலும் சியோங்னு குதிரைப்படை; சியோங்னு என்பவர்கள் வடக்கே புல்வெளியில் ஆடுமாடு குதிரை மேய்த்து வாழ்ந்த மக்கள். அந்தக் குளிரில் வீரர்களில் பத்துக்கு இரண்டு மூன்று பேரின் விரல்கள் விறைத்து உதிர்ந்துபோயின என்று வரலாற்றாசிரியர் சீமா சியன் எழுதியிருக்கிறார். விரல் இல்லாதவன் வில்லை எப்படி இழுப்பான்? கடைசியில், சியோங்னு தலைவனின் மனைவிக்கு ரகசியமாகப் பரிசு கொடுத்தனுப்பித்தான் பேரரசர் உயிர் தப்பினார்.

அந்தத் தலைவன் பெயர் மாவ்துன். பட்டம் சான்யூ. விசில் அடிக்கும் அம்பு ஒன்றைச் செய்து, அது போகும் இடத்துக்கே எல்லோரும் அம்பு விட வேண்டும் என்று தன் ஆட்களைப் பழக்கியவன். முதலில் தன் அருமைக் குதிரைமேல் அந்த அம்பை விட்டான். தயங்கியவர்களின் தலை போனது. அடுத்து தன் பிரியமான மனைவிமேல். அப்புறம் அப்பாவின் குதிரைமேல். கடைசியில் ஒரு வேட்டையில் அப்பாவின் மேலேயே விட்டான். அப்போது ஒருவனும் தயங்கவில்லை. கி.மு. 209-இல் இப்படித்தான் அவன் ஆட்சிக்கு வந்ததாகச் சீமா சியன் சொல்கிறார்.

இப்படிப்பட்ட ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹான் அரசவையில் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, பெண்ணும் பொருளும் கொடுத்துச் சம்பந்தம் செய்துகொள்வது. இன்னொன்று, புல்வெளிக்குள்ளேயே புகுந்து அடிப்பது. முதல் வழி அவமானம், இரண்டாவதுதான் வீரம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். குதிரைக் கணக்கையும் பட்டுக் கணக்கையும் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சம்பந்த யோசனையைச் சொன்னவர் லியூ சிங் என்ற ஆலோசகர். இளவரசியைக் கொடுத்தால் அவள் மகன் நாளைக்குச் சான்யூ ஆவான். தாய்வழித் தாத்தாவை எதிர்த்து எந்தப் பேரன் வில்லெடுப்பான் என்பது அவர் கணக்கு. பெற்ற ஒரே மகளை அனுப்ப அரசி லூ சம்மதிக்கவில்லை. வேறொரு வீட்டுப் பெண்ணுக்கு இளவரசிப் பட்டம் சூட்டி கி.மு. 198-இல் அனுப்பினார்கள். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கூடவே ஆண்டுதோறும் பட்டு, மது, தானியம் என்று சீர்வரிசை போனது.

பேரன் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். வேலை செய்தது சீர்வரிசைதான். சான்யூவுக்குக் கீழே இருபத்துநான்கு பெருந்தலைவர்கள், ஒவ்வொருவருக்கும் சொந்த மேய்ச்சல் நிலம், சொந்தக் குதிரைப்படை. அவர்களைக் கட்டிப்போட சான்யூ ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். புல்வெளியில் கிடைக்காத பட்டு அதற்குத் தோதான பொருள்.

பட்டுக்குப் பழகிவிட்டால் ஹான் கையை எதிர்பார்த்தே இருக்க வேண்டிவரும் என்ற ஆபத்தைச் சியோங்னு பக்கத்திலிருந்தே ஒருவர் பார்த்துவிட்டார். அவர் ஜோங்ஹாங் யுவே, அரண்மனைப் பணிக்காக விதையடிக்கப்பட்ட ஒரு சீன அலுவலர். மணப்பெண்ணுக்குத் துணையாகப் போகச் சொல்லி வற்புறுத்தி அனுப்பினார்கள். போன கையோடு சான்யூ பக்கம் சேர்ந்துகொண்டார். பட்டு உடுத்திக்கொண்டு முட்புதருக்குள் குதிரை ஓட்டிப் பாருங்கள், கிழிந்து தொங்கும், நம் கம்பளியும் தோலும்தான் உசத்தி என்றார். ஹான் உணவை வீசிவிட்டுப் பாலையும் தயிரையும் குடியுங்கள் என்றார். உங்கள் மொத்த மக்கள்தொகை ஹான் நாட்டின் ஒரு மாவட்டத்துக்கு ஈடாகாது, அவர்களின் பொருளுக்கு ஆசைப்பட்டால் நீங்கள் மொத்தமாக அவர்கள் கைக்குப் போய்விடுவீர்கள் என்று எச்சரித்தார். அன்றைக்கு இந்த உறவை இவரைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் இல்லை என்பேன்.

இந்த வழியின் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். சான்யூ வாக்குக் கொடுத்தாலும் கீழே இருப்பவர்கள் கேட்க வேண்டுமே. கி.மு. 177-இல் வலப்புற அரசன் என்ற பெருந்தலைவன் எல்லைக்குள் புகுந்து கொள்ளையடித்தான். தவறு அவனுடையது, தண்டனையாக யூவேசிகள் என்ற இன்னொரு இனத்தாரை அடிக்க மேற்கே அனுப்பிவிட்டேன் என்று மாவ்துன் கடிதம் எழுதினான். (அப்படி அடி வாங்கி மேற்கே ஓடிய யூவேசிகளின் வழியில் வந்தவர்கள்தான் பின்னாளில் இந்தியாவில் ஆண்ட குஷாணர்கள்.) கி.மு. 166-இல் அடுத்த சான்யூவே 1,40,000 குதிரைவீரர்களோடு நேரில் வந்தான். எல்லையில் இருந்த குடியானவனுக்கு இந்த அமைதி அரைகுறை அமைதிதான்.

ஆனால் உள்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். லியூ பாங் காலத்தில் பேரரசரின் வண்டிக்கே ஒரே நிறத்தில் நான்கு குதிரை கிடைக்கவில்லை. அமைச்சர்கள் மாட்டுவண்டியில் போனார்கள். அறுபது ஆண்டுகளில் நிலவரி முப்பதில் ஒரு பங்காகக் குறைந்தது, களஞ்சியத்தில் தானியம் வழிந்து மக்கிப்போனது, தெருவெல்லாம் குதிரை நடமாடியது. எல்லைச் சந்தைகளுக்குச் சியோங்னு ஆட்கள் பெருமதிலை ஒட்டி வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

இந்தச் செழிப்போடுதான் பேரரசர் வூ போருக்குப் போனார். முதல் முயற்சி கி.மு. 133-இல், மாயி என்ற ஊரில். ஊரைக் காட்டிக்கொடுப்பதாக ஆசை காட்டிச் சான்யூவை வரவழைத்து, 3,00,000 பேரை ஒளித்துவைத்தார்கள். வந்துகொண்டிருந்த சான்யூ வழியில் கவனித்தான்: வயல்வெளி முழுக்க ஆடுமாடு மேய்கிறது, ஒரு மேய்ப்பனைக் காணோம். மேய்ச்சலிலேயே வளர்ந்தவனுக்கு அது போதாதா? ஒரு காவல் அதிகாரியைப் பிடித்து விசாரித்தான், திரும்பிவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்தவை பெரிய வெற்றிகள். கி.மு. 127-இல் தளபதி வெய் சிங் மஞ்சளாற்று வளைவை மீட்டார். கி.மு. 121-இல் இருபதைத் தாண்டாத ஹுவோ சூபிங் மேற்கே ஹெஷி நிலப்பகுதியைப் பிடித்தார். நடு ஆசியாவுக்கான பாதை திறந்தது அதனால்தான். கி.மு. 119-இல் இருவரும் கோபி பாலைவனத்தைத் தாண்டிப் போய் அடித்தார்கள். எல்லையைக் கடந்த குதிரைகள் 1,40,000. திரும்பியவை 30,000-க்கும் குறைவு. அறுபது ஆண்டு வளர்த்த குதிரைகளில் பெரும்பங்கு ஒரே படையெடுப்பில் போனது. பல ஆண்டுகளுக்கு அடுத்த பெரிய படையை அனுப்பக் குதிரை இல்லை.

செலவுக்காக உப்பும் இரும்பும் அரசின் ஏகபோகம் ஆயின, வண்டிக்கும் படகுக்கும் வரி வந்தது, பட்டங்கள் விலைக்குப் போயின. கி.மு. 99-இல் 5,000 காலாட்படையோடு போன லீ லிங் என்ற தளபதி சியோங்னுவிடம் சரணடைந்தார். அவருக்காகப் பரிந்து பேசிய குற்றத்துக்காக விதையடிக்கப்பட்டவர்தான் நான் மேலே சொன்ன சீமா சியன். அந்த உடம்போடு அவர் எழுதி முடித்ததால்தான் மாவ்துன் பற்றியும் நமக்குத் தெரிகிறது. பத்தாண்டு கழித்து, கி.மு. 89-இல், வூ தாமே போர்க்கொள்கைக்காக வருந்தி அறிக்கை விட்டார்.

என்னைக் கேட்டால், போர்க்கட்சி ஹெஷியோடு நிறுத்தியிருக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தைப் பறித்தது சியோங்னுவை உண்மையாகவே நெருக்கியது. கோபியைத் தாண்டியது குதிரையைத் தின்றதே ஒழியச் சான்யூவை ஒழிக்கவில்லை. அவர்களை உடைத்ததில் பெரும்பங்கு கடும் பனிக்கும் பங்காளிச் சண்டைக்கும் உண்டு. கி.மு. 57-இல் ஒரே நேரத்தில் ஐந்து பேர் தாங்களே சான்யூ என்றார்கள். அதில் அண்ணனிடம் தோற்ற ஹுஹான்யே, கி.மு. 51-இல் சாங்ஆன் தலைநகருக்கே வந்து பணிந்தான்.

பணிந்தவனுக்கு ஹான் அரசு என்ன கொடுத்தது தெரியுமா? அந்த ஆண்டு மட்டும் 8,000 சுருள் பட்டு. கி.மு. 33-இல் அவன் மறுபடி வந்தபோது 18,000 சுருள்; கூடவே வாங் ஜாவ்சூன் என்ற அரண்மனைப் பெண்ணையும் மனைவியாக அனுப்பினார்கள். கி.மு. 1-இல் அது 30,000 சுருள் ஆனது. பெண்ணும் பட்டும் பழையபடியே வடக்கே போயின; இப்போது அதற்குப் பெயர் பேரரசரின் வெகுமதி. எல்லையில் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அமைதி நிலவியது.

வட மங்கோலியாவில் நோயின் உலா என்ற இடத்தில் அந்தக் காலத்துச் சியோங்னு பிரபுக்களின் கல்லறைகளை 1924-இல் தோண்டத் தொடங்கினார்கள். விலங்குகள் ஒன்றோடொன்று மோதும் உருவங்கள் தைத்த கம்பளி விரிப்புகள் கிடைத்தன. அவற்றோடு, முட்புதரில் கிழியும் என்று ஜோங்ஹாங் யுவே சொன்ன அந்தச் சீனப் பட்டும் ஏராளமாகக் கிடைத்தது.