மதுரையில் நீச்சல்குள ஹீட் பம்ப்: நான்கு குளிர்காலம் ஓட்டிய அனுபவம்

கார்த்திகை பிறந்ததிலிருந்து தை முடியும்வரை மதுரைப் பக்கத்துத் திறந்தவெளிக் குளங்களில் தண்ணீர் 24, 25 டிகிரிக்கு இறங்கிவிடும். வேகமாக நீந்தும் பெரியவர்களுக்கு அது போதும். நீச்சல் பழகும் பிள்ளைகளுக்கு 29 முதல் 31 டிகிரி வேண்டும்; முட்டிவலிக்காகத் தண்ணீரில் பயிற்சி செய்பவர்களுக்கு 32, 33. அந்த ஐந்தாறு டிகிரிக்காகத்தான் ஹீட் பம்ப், அதாவது வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குத் தரும் கருவி. இங்கே பேசப்படுவது 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம், அதாவது சுமார் 45,000 லிட்டர் கொள்ளும் ஒரு வீட்டுக் குளம். கருவி 13 கிலோவாட் வெப்பம் தருவது. சிங்கிள் ஃபேஸ். சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் குழாய், அதாவது எக்ஸ்சேஞ்சர், டைட்டானியம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கருவியில் குறை சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் அதன் ஆயுளைக் குறைப்பவை இரண்டு, போர் தண்ணீரும் கரண்டும். இரண்டையும் கவனித்தால் அது பாட்டுக்கு ஓடும்.

முதலில் கணக்கு. 1,000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் வெப்பம் வேண்டும். 45,000 லிட்டரை நான்கு டிகிரி ஏற்றச் சுமார் 210 யூனிட். 13 கிலோவாட் கருவிக்கு அது 16 மணி நேர வேலை. ஆனால் மீட்டரில் ஏறுவது 210 யூனிட் அல்ல. பகலில் காற்று 29, 30 டிகிரி இருக்கும்போது ஒரு யூனிட் கரண்டுக்கு ஐந்து முதல் ஆறு யூனிட் வெப்பம் கிடைப்பதால் 40 யூனிட் சுற்றி ஆகும். விடியற்காலையில் காற்று 20 டிகிரிக்கு இறங்கினால் இந்த விகிதமும் இறங்கிவிடும். அதனால் டைமரைக் காலை 10 முதல் மாலை 5 வரை வைப்பதே லாபம். காலை 6 மணிக்கு நீந்துபவர்களுக்காக 4 மணிக்கு ஓடவிடுவது பலரும் செய்யும் தவறு. அந்த இரண்டு மணி நேரத்தில் இந்தக் குளம் அரை டிகிரிக்கு மேல் ஏறாது.

பகலில் ஏற்றிய சூடு ராத்திரியில் போகாமல் இருக்க வேண்டும். அதற்குத் தண்ணீர்மேல் விரிக்கும் குமிழ் ஷீட்தான் வழி. தரையிலும் சுவரிலும் போகும் சூடு சொற்பம். பெரும்பகுதி ஆவியாகவே போகிறது. ஒரு லிட்டர் ஆவியானால் 0.68 யூனிட் வெப்பம் அதோடு போய்விடும். இந்தக் குளத்தின் மேற்பரப்பு 32 சதுர மீட்டர். நாளுக்கு 4 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் 128 லிட்டர், அதாவது 87 யூனிட் வெப்பம். மொத்தக் குளமும் ஒன்றரை டிகிரிக்கு மேல் ஆறிவிடும். அதைத் திரும்ப ஏற்ற தினமும் 16 யூனிட் கரண்ட். இரண்டு மாதக் கணக்கு ஆயிரம் யூனிட்டைத் தாண்டும் வீட்டில் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல் ஆகிறது. தினம் 175 ரூபாய் ஆகாயத்தில் கரைகிறது என்று அர்த்தம். ஷீட் இல்லாத குளத்துக்கு ஹீட் பம்ப் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதுதான். 400 அல்லது 500 மைக்ரான் ஷீட் போதும். குமிழ்ப் பக்கம் தண்ணீரைப் பார்த்து இருக்க வேண்டும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இது சூட்டைக் காக்கும் ஷீட்தான், ஆளைக் காக்கும் மூடி அல்ல. பாதி சுருட்டிய நிலையில் யாரும் இறங்கக் கூடாது. ஷீட்டுக்கு அடியில் போன குழந்தையை மேலிருந்து பார்த்தால் தெரியாது.

ஷீட்டுக்கு இன்னொரு பயன் உண்டு, அதை விற்பவர்கள் சொல்வதில்லை. ஆவியாவது வெறும் தண்ணீர். சுண்ணாம்பு குளத்திலேயே தங்கிவிடும். நாளுக்கு 4 மில்லிமீட்டர் வீதம் நூறு நாளில் 40 சென்டிமீட்டர் தண்ணீரைப் போரிலிருந்து ஈடுகட்டுகிறோம். போர் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றால் அந்த நூறு நாளில் குளத்தின் அளவோடு இன்னொரு 170 சேர்ந்துவிடும். குளத்துக்கு ஏற்ற அளவு 200 முதல் 400 வரைதான். சுண்ணாம்பு மற்ற உப்புகளைப்போல் அல்ல, தண்ணீர் சூடாகச் சூடாகக் கரையாமல் படியும். குளத்தில் மிகச் சூடான இடம் எக்ஸ்சேஞ்சர் குழாயின் மேல்பரப்பு. படிவது அங்கேதான். பிளீச்சிங் பவுடர் போட்டுக் குளத்தைப் பராமரிப்பவர்கள் கூடுதலாகச் சுண்ணாம்பையும் கொட்டுகிறார்கள்; ஹீட் பம்ப் உள்ள குளத்துக்குத் திரவ ஹைப்போகுளோரைட் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடித் தண்ணீரை வடிகட்டிக் குளத்துக்கு விட முடிந்தால் அதைவிட நல்ல தண்ணீர் இங்கே கிடைக்காது. இருக்க வேண்டிய அளவுகள்: பி.எச். (புளிப்பு, கார அளவு) 7.2 முதல் 7.6; லிட்டருக்கு மில்லிகிராமில் ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 80 முதல் 120, குளோரின் 1 முதல் 3. வாரம் இரண்டு தடவை டெஸ்ட் கிட்டில் பார்த்தால் போதும், பி.எச். 7.8-ஐத் தாண்டவிட்டால் படிவு வேகமாகும்.

படிவு விழுந்துவிட்டதா, தண்ணீர் ஓட்டம்தான் குறைந்ததா? இரண்டிலும் கருவி ஹை பிரஷர் (உள்ளே கேஸ் அழுத்தம் அதிகம்) என்று காட்டி நிற்கும், அதனால் குழப்பம். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். மணிக்கு 5,000 லிட்டர் ஓடும்போது 13 கிலோவாட் கருவியில் வித்தியாசம் இரண்டேகால் டிகிரி இருக்க வேண்டும். மூன்று, நான்கு என்று ஏறினால் ஓட்டம் குறைவு: ஃபில்டரைப் பேக்வாஷ் செய்யுங்கள் (எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவுவது), மேற்பரப்புக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் கூடையில் வேப்பிலை அடைத்திருக்கும், தண்ணீரைக் கருவிக்குள் விடாமல் சுற்றி அனுப்பும் பைபாஸ் வால்வு அதிகம் திறந்திருக்கலாம். ஓட்டம் அப்படியே இருந்து வித்தியாசம் ஒன்றரைக்கு இறங்கி, ஆம்பியர் ஏறினால் குழாயில் சுண்ணாம்பு. கருவி புதிதாக இருக்கும்போதே இந்த வித்தியாசம், ஆம்பியர், ஃபில்டர் பிரஷர் மூன்றையும் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் அந்தக் காகிதம் எந்த மெக்கானிக்கையும்விட உதவும்.

சுண்ணாம்பு எடுக்கும் முறை: எம்.சி.பி.யை (கருவிக்கான டிரிப் சுவிட்ச்) இறக்கி, இரண்டு பக்க வால்வையும் மூடி, யூனியனை (குழாயின் திருகு இணைப்பு) கழற்றுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ சிட்ரிக் ஆசிட். வாளியில் சின்ன சப்மெர்சிபிள் பம்பை வைத்து எக்ஸ்சேஞ்சர் வழியாக அரை மணி நேரம் சுற்றவிடுங்கள். பிறகு ஹோஸைத் திருப்பி மாட்டி எதிர்த்திசையில் இன்னொரு அரை மணி. நுரை அடங்கினால் வேலை முடிந்தது, அல்லது ஆசிட் தீர்ந்துவிட்டது. புதுக் கலவையில் மறுபடி நுரைத்தால் இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. கடைசியில் நல்ல தண்ணீரில் நன்றாக அலசிய பிறகே குளத்தோடு இணைக்க வேண்டும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் செறிவாக ஊற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம். டைட்டானியம் குளோரினைத் தாங்கும், ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை அப்படித் தாங்காது. எந்த ஆசிட்டும் ஹைப்போகுளோரைட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பம்ப் ரூமில் அது உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் பவுடரையும் டி.சி.சி.ஏ. என்னும் குளோரின் மாத்திரையையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில் கையாளவும் கூடாது, தீப்பிடிக்கும்.

குழாய் வரிசை மோட்டார், ஃபில்டர், ஹீட் பம்ப், அதற்குப் பிறகு குளோரின் கருவி. கடைசி இரண்டுக்கும் நடுவே ஒரு என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) அவசியம். குளோரின் மாத்திரையை ஸ்கிம்மரில் போட்டுவிட்டு மோட்டாரை நிறுத்தினால், ராத்திரி முழுக்க ஊறிய புளித்த தண்ணீர் காலையில் நேராகக் கருவிக்குள் போகும். ஓ ரிங்கும் சென்சாரும் முதலில் போவது இதனால்தான். ஷாக் டோஸ், அதாவது ஒரேயடியாக அதிகக் குளோரின், போடும் நாளில் கருவியை நிறுத்தி பைபாஸில் ஓட்டுங்கள். குளோரின் 3-க்குக் கீழே வந்த பிறகு திறக்கலாம்.

ஃப்ளோ சுவிட்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஓடினால் மட்டும் கருவியை ஓடவிடும், துடுப்பு மாதிரி இருக்கும் அந்தச் சின்ன உறுப்பில் சுண்ணாம்பு பிடித்து ஒட்டிக்கொள்ளும். திறந்தபடி ஒட்டினால் கருவி ஓடாது, அதனால் ஆபத்தில்லை. மூடியபடி ஒட்டினால் தண்ணீர் ஓட்டம் இல்லாமலே கம்ப்ரசர் ஓடும். தேங்கிய தண்ணீர் மிகவும் சூடேறி எக்ஸ்சேஞ்சரின் பி.வி.சி. உறை இளகலாம். மாதம் ஒரு முறை கருவி ஓடும்போது குளத்து மோட்டாரை நிறுத்திப் பாருங்கள். சில விநாடிகளில் கம்ப்ரசரும் நிற்க வேண்டும். ‘லூப் போட்டு ஓட்டிவிடலாம்’, அதாவது அந்தச் சுவிட்சை விட்டுவிட்டு வயரை நேராக இணைக்கலாம், என்று சொல்லும் மெக்கானிக்கை அங்கேயே நிறுத்துங்கள்.

கரண்ட் விஷயம். இந்தக் கருவிக்கு 11, 12 ஆம்பியர் எடுக்கும். 20 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), 4 சதுர மில்லிமீட்டர் தாமிர கேபிள், தனி எர்த் குழி. கருவி குளத்து ஓரத்திலிருந்து குறைந்தது மூன்றரை மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். ஏணி, கைப்பிடி என எல்லா உலோகத்தையும் எர்த்தோடு இணைக்க வேண்டும். எர்த் குழிக்கு வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற மறந்தால் அந்தக் குழி இருந்தும் பயனில்லை. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். அது விழவில்லை என்றால் மாற்றும்வரை யாரையும் குளத்தில் இறக்காதீர்கள். மாலையில் வோல்டேஜ் 190-க்குக் கீழே போகும் தெருவில் வோல்டேஜ் புரொடெக்டர் இல்லாமல் கம்ப்ரசர் தாங்காது. மூன்று ஃபேஸ் கருவி வைத்திருப்பவர்கள் ஒரு ஃபேஸ் போனால் கருவியை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டரோடு, ஃபேஸ் வரிசை பார்க்கும் ரிலேயும் போட வேண்டும். லைன் வேலை முடிந்து கரண்ட் வரும்போது இரண்டு ஃபேஸ் இடம் மாறினால் ஸ்க்ரோல் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றும்: இரைச்சல் இருக்கும், சூடு இருக்காது. இடி மின்னலின்போது ஐசொலேட்டர் சுவிட்சை இறக்கிவிடுவது நல்லது.

எறும்பும் பல்லியும் சின்ன விஷயமாகத் தோன்றும். கம்ப்ரசருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டருக்குள் எறும்பு புகுந்து நசுங்கினால் முனைகள் சேராமல் தீப்பொறி தெறிக்கும்; பல்லி விழுந்தால் போர்டே போகும். கேபிள் நுழையும் ஓட்டைக்கு கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் மூடி) போட்டு இடைவெளியைப் புட்டியால் அடைத்தாலே போதும். மூடியைத் திறப்பதற்கு முன் எம்.சி.பி.யை இறக்கிப் பத்து நிமிடம் காத்திருங்கள். கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகைக் கருவியில் கரண்ட் போன பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

காற்றுப் பக்கச் சுருளை மாதம் ஒரு முறை சாதாரண ஹோஸில் கழுவினால் போதும். கார் கழுவும் பிரஷர் வாஷரை நீட்டினால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். கருவியின் பின்புறம் அரை மீட்டரும், ஃபேன் ஊதும் பக்கம் இரண்டரை மீட்டரும் வெற்றிடம் வேண்டும். பம்ப் ரூமுக்குள் வைத்தால் ஊதிய குளிர்காற்றையே திரும்ப இழுக்கும். அடியில் தண்ணீர் சொட்டினால் பதறாதீர்கள். மழைக்கால ஈரக் காற்றில் மணிக்குச் சில லிட்டர்கூடச் சொட்டும். கருவியை நிறுத்தி மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றால் காற்றின் ஈரம், நிற்காவிட்டால் கசிவு. சந்தேகம் இருந்தால் சொட்டும் தண்ணீரில் குளோரின் பார்த்துவிடலாம்.

‘வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் ஏத்தணும்’ என்பது உண்மையல்ல. மூடிய சுற்று அது; கேஸ் குறைந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைத்து, வேக்கம் இழுத்து, எடைத் தராசு வைத்து ஏற்ற வேண்டும். ஆர் 32 கேஸ் தீப்பற்றக் கூடியது, காற்றைவிடக் கனமானது. அது உள்ள கருவியைத் திறந்தவெளியில் மட்டுமே பிரிக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

வெயில் காலத்துக்கு வருவோம். சித்திரை, வைகாசியில் குளம் 33 டிகிரியைத் தொடும்போது நீந்தினால் மூச்சு வாங்கும், பாசியும் பிடிக்கும். கேஸ் ஓடும் திசையை மாற்றும் நான்கு வழி வால்வு உள்ள கருவி என்றால் அதையே திருப்பிக் குளிர்விக்கலாம். மதுரைக்கு வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், வெந்நீரைவிட இதைத்தான் பல வீடுகளில் கொண்டாடுகிறார்கள். 40 டிகிரி காற்றில் சூட்டை வெளியே தள்ள வேண்டியிருப்பதால் கருவி ஓடும் நேரத்தை ராத்திரிக்கு மாற்றுங்கள், ஷீட்டைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், சுருளை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். குளிர்விக்கும்போது தண்ணீர் ஓட்டம் நின்றால் எக்ஸ்சேஞ்சருக்குள்ளேயே உறைந்து வெடிக்கும். ஃப்ளோ சுவிட்ச் சோதனை இங்கேயும் உண்டு. குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்கச் சொல்லும் கையேட்டுப் பக்கம் உறைபனி விழும் கொடைக்கானலுக்குப் பொருந்தும், மதுரைக்குத் தேவையில்லை. ஆனால் கோடையில் கருவியை ஓட்டாமல் விடுவதானால் வடித்தே தீர வேண்டும். இரண்டு வால்வையும் மூடி, அடியில் உள்ள டிரெயின் மூடியைத் திறந்து முழுக்க வடித்துவிடுங்கள். தேங்கவிட்டால் ஐப்பசியில் முதல் வேலை சிட்ரிக் ஆசிட் வாங்குவதாகத்தான் இருக்கும்.