‘மாறாத ஐபி’ வாங்கி ஏமாந்த கதை

நண்பர்கள் வந்து சேர்ந்து விளையாட வீட்டிலேயே கேம் சர்வர் வைக்கலாம் என்று ‘ஸ்டாட்டிக் ஐபி’, அதாவது மாறாத இணைய முகவரி எண், வாங்கப் போகிறீர்களா? காசு கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஐந்து மாதம் கட்டிவிட்டுத்தான் புத்தி வந்து எழுதுகிறேன்.

சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டின் ஜாவா பதிப்புக்கான சர்வரைப் போட்டேன். நாங்கள் மொத்தம் ஆறு பேர். வீட்டு வைஃபையில் இருந்து நுழைந்தால் ஜோராக ஓடியது. வெளியில் இருந்து ஒருவராலும் வர முடியவில்லை. ரவுட்டரில் 25565 போர்ட்டை, அதாவது இந்த விளையாட்டு வழக்கமாக நுழையும் வாசலை, அந்தக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட்டும் பார்த்தாயிற்று. இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன். "உங்ககிட்ட ஸ்டாட்டிக் ஐபி இல்ல சார், அதான். கேமிங் பேக் எடுத்துக்கோங்க, அதுலயே வரும்" என்றார்கள். எடுத்தேன். ஒன்றும் மாறவில்லை.

அப்புறம் கஸ்டமர் கேர் படலம். முதலில் ரவுட்டர் பழசு என்றார்கள், புதிது வாங்கினேன். பிறகு, "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார், கேம்லதான் ஏதோ பிரச்சினை." மூன்றாம் மாதம் பொறுமை போய், தூரத்தில் இருந்தே சர்வர் அமைத்துத் தருகிறேன் என்று சொன்ன ஒருவரைப் பிடித்தேன். என் கம்ப்யூட்டரைத் தன் கைக்குள் எடுத்து அரை மணி நேரம் எதையெதையோ தட்டினார். கடைசியில் "உங்க நெட்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தை மட்டும் உண்மை. அவர் என்னென்ன தட்டினார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உண்மையைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்தான் ஆனது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் ‘வான் ஐபி’ (WAN IP) என்று, இணைப்பு நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த எண் இருக்கும். என்னுடையது 100.72 என்று தொடங்கியது. ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் தளங்களில் பார்த்தால் முற்றிலும் வேறு எண். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் உங்கள் ரவுட்டருக்கும் வெளி இணையத்துக்கும் நடுவில் இன்னொரு கதவு இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் எல்லாம் 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. பழைய வகை (IPv4) ஐபி எண்கள் மொத்தமே சுமார் 430 கோடிதான்; 2011-இலேயே மையக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அதனால் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். இதற்கு ‘சிஜி நாட்’ (CGNAT) என்று பெயர். படம் பார்க்க, பாட்டுக் கேட்க இது போதும். வெளியில் இருந்து ஒருவர் உங்கள் சர்வரைத் தட்ட வந்தால், எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அந்தக் கதவுக்குத் தெரியாது. உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வீண்.

இதைக் கேட்டபோது வந்த பதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "ஸ்டாட்டிக்னுதான் சொன்னோம் சார். அந்த நம்பர் மாறாது. பப்ளிக்னு சொல்லலையே." ஐந்து மாதமாக நான் காசு கட்டியது, ஊரில் யாராலும் வந்து சேர முடியாத ஒரு எண் மாறாமல் இருப்பதற்கு! சர்வர் வைக்கத்தான் கேட்கிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். ஆனால் அது போனில் பேசிய பேச்சு, எழுத்தில் ஒன்றுமில்லை. நீங்கள் கேட்டால் ‘பப்ளிக் ஐபி’ என்ற சொல்லையே போட்டு, மின்னஞ்சலில் கேளுங்கள்.

சண்டை போட்ட பிறகு உண்மையான பொது ஐபி கொடுத்தார்கள். அன்றே எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் விளையாட்டுக்குள் என் பை காலி, சேர்த்து வைத்து என் கையில் இருந்த பொருள் எதுவும் இல்லை. சர்வர் அதிகாரமும் போயிருந்தது. ஏதோ கோளாறு என்று சர்வரின் கட்டளைத் திரையில் எனக்கே மறுபடி ‘ஆப்’ (op), அதாவது அந்த அதிகாரத்தை, கொடுத்துக்கொண்டேன். அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் காலையில் பார்த்தால் விளையாட்டுக்குள் ஊரே எரிந்து கிடக்கிறது. சர்வரின் பதிவேட்டில் (லாக்) என் பெயர். நான் அந்நேரம் தூக்கத்தில்.

நடந்தது இதுதான். அந்த அரை மணி நேர நிபுணர் சர்வர் அமைப்பில் ‘ஆன்லைன் மோட்’ வரியை ‘ஃபால்ஸ்’ ஆக்கியிருந்தார். அப்படிச் செய்தால் நுழைபவர் யார் என்று சர்வர் சரிபார்க்காது. பெயரைச் சொன்னால் போதும். என் பை காலியானதும் அதனால்தான், சர்வர் என்னைப் புது ஆளாகக் கணக்கெடுத்திருக்கிறது. சர்வரைத் தட்டிப் பார்க்கும் எவருக்கும், உள்ளே இருப்பவர்களில் சிலர் பெயர் தெரியும். 25565 திறந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டே திரியும் நிரல்களுக்குப் பஞ்சமே இல்லை. என் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தான், நான் கொடுத்த அதிகாரத்தோடு. இந்த நிலையில் அனுமதிப் பட்டியல் வைத்திருந்தாலும் காப்பாற்றியிருக்காது, அதில் இருக்கும் பெயரைச் சொன்னாலே திறந்துவிடும்.

தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. புது ரவுட்டரில் அந்தக் கம்ப்யூட்டரை ‘டிஎம்இசட்’டில் போட்டிருந்தார், அதாவது ஒரு போர்ட் அல்ல, எல்லாப் போர்ட்டும் அதற்கு. விண்டோஸ் ஃபயர்வாலையும் அணைத்திருந்தார். பூட்டே இல்லாத வீட்டை இரண்டு மாதம் காத்தது, நான் திட்டித் தீர்த்த அந்த நடுக்கதவுதான். அதை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டு எடுக்க வைத்தவனும் நானே.

கம்ப்யூட்டரை அழித்து விண்டோஸை முதலில் இருந்து போட்டேன், கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினேன். விளையாட்டு உலகத்தின் நகல் ஒன்று மூன்று வாரம் பழசாகக் கிடைத்தது. இப்போது போர்ட் எதுவும் திறக்காமல், ஆறு பேரும் டெயில்ஸ்கேல் வழியாக, அதாவது எங்கள் கம்ப்யூட்டர்களை மட்டும் ஒரு தனி வலையாக இணைக்கும் மென்பொருள் மூலம், சேர்ந்து விளையாடுகிறோம். வேடிக்கை என்னவென்றால் அதுவும் எங்களுக்கு 100-இல் தொடங்கும் எண்தான் கொடுத்திருக்கிறது. இதற்குப் பொது ஐபியே தேவையில்லை, முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். பேக்கை நிறுத்திவிட்டேன். ஐந்து மாதக் காசைத் திருப்பிக் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு, புகார் பதிவாகிவிட்டது என்ற தானியங்கிப் பதில் மட்டும் இரண்டு முறை வந்திருக்கிறது.